அத்தானுக்குப் பத்து நிமிடப் பரீட்சை

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம், நான் கஞ்சா குடிக்கும் பதினேழு வயதுப் பையனாக இருந்தேன்.

பதற வேண்டாம். என் வயதும் என் இடுப்பு வலியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? எல்லாம் அத்தானுக்காக. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவருக்கு ஒரு பரீட்சை... அதுவும் ப்ராக்டிகல். ஒத்திகை பார்க்க எதிரே ஒரு 'போதைப் பையன்' தேவைப்பட்டான். விருந்துக்கு வந்து அக்கா வீட்டில் சும்மா இருந்தது நான் ஒருத்திதான்.

அத்தான் கீழப்பாவூர்க்காரர். போலீஸில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஸ்பெஷல் எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனார். மீசை மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. வீட்டில் உட்கார முடியாமல், தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருக்கும் ஒரு சின்ன போதை மீட்பு மையத்துக்கு செக்யூரிட்டியாகப் போனார். பள்ளிக்கூடம், காலேஜ் படிக்கிற வயதுப் பையன்களுக்கான மையம் அது. கேட்டுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவரை அந்தப் பையன்கள் கேரம் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவரும் போயிருக்கிறார். ஒரே மாதத்தில், டாக்டரிடம் பேசாத பையன்கள்கூட இவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மையத்தை நடத்தும் டாக்டரம்மா இதைக் கவனித்து, ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் படிக்க வைத்து, உதவி கவுன்சலர் ஆக்கிவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு சர்க்குலர் வந்தது.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனநல சிகிச்சை, போதை சிகிச்சை கொடுக்கும் இடங்களில், பிள்ளைகளிடம் நேரடியாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் புதிய பயிற்சியை முடிக்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஆள் தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். பழைய சர்டிபிகேட் செல்லாது. அங்கீகாரம் வாங்கிய கவுன்சலர்கள் இரண்டு பேராவது இல்லாத மையம், அந்த வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது. இதுதான் சாரம்.

மையத்தில் இருந்த இரண்டு கவுன்சலர்களில் ஒரு பெண் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். மிச்சம் ஒருவர். கூட இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர்... ஆமாம், மீசைக்காரர்தான். அவர் தேறாவிட்டால், அங்கே இருக்கிற ஆறு பையன்களை மதுரைக்கு மாற்ற வேண்டும். அதில் ஒருவன் இப்போதுதான் தட்டை வைத்தால் சாப்பிட ஆரம்பித்திருக்கிறான். "வண்டில ஏத்துனா வழியிலேயே எறங்கி ஓடிருவான் கோமதி," என்றார் அத்தான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சரி என்று பையனாக உட்கார்ந்தேன். விதிகளை அத்தானே படித்துக் காட்டினார். அட்வைஸ் கூடாது. பயமுறுத்தக் கூடாது. 'ஏன்' என்று ஆரம்பிக்கும் கேள்வி கூடாது. கேட்க வேண்டும், அப்புறம் சும்மா இருக்க வேண்டும்.

நாற்காலியை இழுத்துப் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"பேரு?"

"மணி," என்றேன்.

"அப்பன் பேரு?"

"ராசு."

"யாருகிட்டலே வாங்குன? எத்தன நாளா? கூட யாரு யாரெல்லாம் இருந்தீய?"

சத்தியமாகச் சொல்கிறேன், இல்லாத ஒரு பெட்டிக்கடைக்காரரைக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த கேள்வியில் அவருடைய மச்சானையும் மாட்டிவிட்டேன். விட்டால் வெற்றுப் பேப்பரில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"அத்தான், இது கவுன்சலிங். விசாரண இல்ல."

"நான் என்ன அடிச்சனாட்டி? மரியாதையாத்தான கேட்டேன்?"

மறுபடி முயற்சி செய்தார். இந்த முறை குரலில் தேன். "தம்பி, நீ நல்லாப் படிக்கிற பயலுல்லா? நாளப் பின்ன ஒரு போலீசோ மிலிட்டரியோ ஆவ வேண்டாமா?" என்று ஆரம்பிக்க, காபியோடு வந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். "அப்படிக் கேளுங்க. ஏலே மணி, ஒங்க அம்மய ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தியாலே?" என்றாள் என்னைப் பார்த்து. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் லேசாக அழுகை வந்தது. காபி ஆறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் அட்வைஸ் சொல்லாமல் ஒரு மனுஷன் பத்து நிமிடம் இருக்க முடியுமா? தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள். ஒரு அண்ணாச்சி சுக்கு சொல்வார். இன்னொருவர் ஆவி பிடிக்கச் சொல்வார். மூன்றாமவர் எந்த டாக்டரிடம் போகக் கூடாது என்று சொல்வார். அன்புதான்... நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தும்மினவனிடம் ஒருவராவது 'என்ன செய்யுது?' என்று கேட்டார்களா? கேட்டுவிட்டு பதில் வரும்வரை நின்றார்களா?

இதை நான் கிண்டலாகச் சொன்னேன். அத்தான் சிரிக்கவில்லை.

"சர்வீஸ்ல இருக்கும்போது கஞ்சாவோட ஒரு பயலப் புடிச்சோம் கோமதி. பதினாறு வயசிருக்கும். நான்தான் ரெண்டு அறை விட்டேன். அவங்க அம்மா வந்து அழுதா. எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டோம். நாலஞ்சு வருசம் கழிச்சு ரோட்டோரமா கெடந்தான். எழுப்புனேன். என்ன யாருன்னே அவனுக்குத் தெரியல." மீசையைத் தடவினார். "அன்னைக்கி 'இரிலே, என்னன்னு சொல்லுலே'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அதற்கு மேல் நான் கிண்டல் பண்ணவில்லை. மணியாக இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

பயிற்சி இரண்டு நாள், குற்றாலத்தில். அதுவும் சீசனில்! அந்தத் தேதியைக் குறித்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். பத்தி எழுதுகிறவள் என்று சொல்லி அனுமதி வாங்கி, கடைசி வரிசையில் நானும் இடம் பிடித்தேன். என் பையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. அதன் கீழே துண்டும் இருந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர் மதுரைக்காரப் பெண்; முப்பது வயது இருக்கும். நல்ல கெட்டிக்காரி. முதல் நாள் காலையில் எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னார். எதிரே உள்ள பிள்ளை யோசிக்க நேரம் கொடுக்கப் பழக வேண்டுமாம். நாற்பது பேர். கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, "மேடம், அந்த ஃபேன கொஞ்சம் கொறைக்கலாமா?" என்றார் ஒருவர். "சாரலுக்கு ஃபேன் எதுக்கு, ஆஃப் பண்ணுங்க," என்றார் இன்னொருவர். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். நாலாவது தடவைதான் ஒரு நிமிடம் முழுசாகக் கிடைத்தது.

மத்தியானம் இன்னொரு வேடிக்கை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தவர்களில் பாதிப் பேர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேடத்துக்குப் புரியவில்லை. சிவகிரியிலிருந்து வந்திருந்த நர்ஸ் அம்மாதான் விளக்கினார்: "தண்ணி நல்லா விழுது மேடம். நீங்க இங்கன வந்துட்டு குளிக்காமப் போனா எங்களுக்குத்தான் பாவம்." மறுநாள் இடைவேளைக்குப் பிறகு மேடத்தின் தலையும் ஈரமாக இருந்தது. வகுப்பு அதற்குப் பிறகு ரொம்ப ஜோராகப் போனது.

அன்று சாயங்காலம்தான் பரீட்சை. காலேஜ் நாடகக் குழுவில் நடிக்கிற ஒரு பையனை 'பதினேழு வயது'க்காகக் கூட்டி வந்திருந்தார்கள். அன்றைக்கு எட்டுப் பேருக்கு, மற்றவர்களுக்கு அடுத்த வாரம்; ஆளுக்குப் பத்து நிமிடம், எல்லோர் முன்னாலும். அவனுக்கும் ஒரு விதி உண்டு: எதிரே இருப்பவர் அதட்டினாலோ அட்வைஸ் பண்ணினாலோ வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம்பிக்கை வந்தால் மட்டும் பேச வேண்டும். அத்தானுக்கு முன்னால் போன ஐந்து பேரில் மூன்று பேரிடம் அவன் வாயே திறக்கவில்லை.

அத்தான் போய் உட்கார்ந்தார். நான் கடைசி வரிசையில் என் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஆரம்பம் பிரமாதம். "நீ சொல்லுதது எனக்குள்ள இருக்கும். ஒன் உசுருக்கோ வேற யாரு உசுருக்கோ ஆபத்துன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுவேன். அதயும் ஒன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்," என்றார். மேடம் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து, பேசுவதற்குப் பையனின் சம்மதத்தை அவன் வார்த்தையிலேயே எழுதி வாங்க வேண்டும். நடிக்க வந்த பையன் கில்லாடி. தோளைக் குலுக்கி, "நீங்களே எழுதுங்க சார், கையெழுத்துப் போடுதேன்," என்றான்.

அத்தான் பேனாவை எடுத்தார். கை விறுவிறுவென்று ஓடியது. ஐந்தே வரி. முடித்ததும், பழக்கதோஷம், சத்தமாக வாசித்தும் காட்டினார்:

"மேற்படி முகவரியில் வசிக்கும் நான், இன்று என்னை நேரில் விசாரித்தபோது, யாதொரு மிரட்டலுமின்றி, தூண்டுதலுமின்றி, சுயநினைவுடன் கூறுவது யாதெனில்..."

ஹால் அதிர்ந்தது. சிவகிரி நர்ஸ் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடிகப் பையனே வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அத்தானின் காது சிவந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. போச்சு, ஆறு பேரும் மதுரைக்கு வண்டி ஏறிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அத்தான் அந்தப் பேப்பரை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, தப்பாப் போச்சு," என்றார். "இது என் வார்த்த. ஒன் வார்த்த இல்ல. நான் போலீஸ்ல இருந்தவன். இந்தக் கை ரொம்ப காலமா இப்படித்தான் எழுதிப் பழகிருக்கு. ஒனக்கு என்கிட்ட பேசணும்னா பேசு. வேண்டாம்னா எந்திரிச்சுப் போலாம். நான் கோவப்பட மாட்டேன்."

அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹாலில் சிரிப்பு அடங்கியது. பையன் பேசவில்லை. அத்தானும் பேசவில்லை. முதல் நாள் நாங்கள் மூன்று தடவை தோற்ற அந்த ஒரு நிமிடம், யாரும் சொல்லாமல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்து ஏதாவது எடுத்துக் கொடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"போலீஸ்னா எங்க வீட்டுக்கும் வந்திருக்காங்க," என்றான் பையன் மெதுவாக.

"ம். பொறவு?"

பையன் சொன்னான். அண்ணனைப் பற்றி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி. மிச்ச நேரம் முழுக்க அத்தான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். பொறவு? பத்து நிமிடம் முடிந்து மணி அடித்த பிறகும் பையன் பேசிக்கொண்டிருந்தான். நடிப்பா இல்லையா என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ரிசல்ட்டை மேடம் அங்கேயே சொன்னார். சம்மதப் படிவத்துக்கு சைபர். பேச்சுக்கு, அன்றைக்குப் பரீட்சை எழுதியவர்களிலேயே அதிக மார்க். "தப்பை ஒத்துக்கிட்டதுக்கு இந்த மார்க் ஃபாரத்துல கட்டமே இல்ல சார். ஒரு கட்டம் நானே போட்டுக்கிட்டேன்," என்றார். அங்கீகாரம் உண்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு: இனிமேல் சம்மதக் கடிதத்தைப் பையன்கள்தான் எழுத வேண்டும். அத்தான் பேனாவைத் தொடக் கூடாது!

நான் சந்தோஷத்தில் அழுதேன். அப்புறம் எல்லோருமாக ஐந்தருவிக்குப் போனோம். ஆண்கள் பக்கத்தில் அத்தான் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. வெளியே வந்தபோது மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போயிருந்தது. நாற்பது வருஷத்தில் அந்தக் கோலத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

போன வாரம் அங்கீகாரக் கடிதம் கைக்கு வந்தது. ஆறு பையன்களும் குத்துக்கல்வலசையிலேயே இருக்கிறார்கள். மறுநாளே அக்காவிடமிருந்து போன்.

"ஏட்டி, அந்தச் சாப்பிடாத பய இருக்காம்லா... நேத்து இவருகிட்ட ஒரு மணி நேரம் பேசிருக்கானாம். டாக்டரம்மா சந்தோசத்துல எனக்கே போன் போட்டு சொல்லுதா. என்னதான் சொன்னாம்னு இவருகிட்டக் கேக்கேன், வாயவே தொறக்க மாட்டேங்காரு. சர்வீஸ்ல இருக்கும்போது ஒரு கேஸ் விடாம சோத்துல கை வச்சுக்கிட்டே சொல்லுவாருட்டி! நீயாவது கேளு."

போனைக் கொடுக்கச் சொன்னேன். இந்தப் பத்தியில் அவரைப் பற்றி எழுத அவரிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தேன். அந்தத் தைரியத்தில் நானும் கேட்டேன். "அத்தான், பேரெல்லாம் வேண்டாம். அவன் என்ன சொன்னாம்னு மட்டும் சொல்லுங்க."

அத்தான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எனக்குக் குடுத்திருக்க கடுதாசி கேக்கதுக்குத்தான் கோமதி. சொல்லுததுக்கு இல்ல."