பட்டாளக் கோயிலில் ஒரு பெயர் கூடுதல்

எரியோட்டுப் பக்கம் எங்கள் ஊரில், போரில் இறந்த சிப்பாய்களுக்காகத் தொண்ணூறுகளில் ஒரு சின்னக் கோயில் கட்டினார்கள். பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆள் வாசலில்தான் நிற்கவேண்டும். பட்டாளக் கோயில் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

திறப்பு விழாப் பூசைக்காக, சர்ச்சில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வீடு வீடாக வந்து இரண்டு தாள்களில் பெயர் எழுதினார். ஒன்று, சண்டையில் இறந்தவர்களுக்கு. மற்றது, எல்லையில் இருப்பவர்கள் நல்லபடியாகத் திரும்பவேண்டும் என்ற வேண்டுதலுக்கு. அதில் என் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான். உபதேசியார் இரண்டு தாளையும் ஒன்றாக மடித்துக் கல் கொத்துபவரிடம் கொடுத்துவிட்டார்.

விழாவன்று கல்வெட்டின் திரையை விலக்கினால், இறந்த ஐந்து பேர் பெயருக்குக் கீழே ஆறாவதாக என் வீட்டுக்காரர் பெயர். பூசை முடியும்வரைகூடப் பொறுக்காமல் உபதேசியாரை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். சாமியார் மைக்கை அணைக்கச் சொன்னது பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கல்லில் வெட்டியது பலித்துவிடுமோ என்று பயம். கல் கொத்துபவரோ பழனிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அவரும் வந்தார், லீவில் என் வீட்டுக்காரரும் வந்தார். மனிதர் நேராகக் கோயிலுக்குப் போய், விறைப்பாக நின்று தன் பெயருக்கே ஒரு சல்யூட் அடித்தார். எழுத்து நன்றாக விழுந்திருக்கிறதாம், அழிக்க மனசு வரவில்லையாம். அவரை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் வைத்துத் தேய்க்கப் பாதி ஊர் கூடிவிட்டது. முன்னால் நின்றவள், அவர் பெயருக்கு மேலே ஐந்தாவதாக இருந்தவரின் மனைவி. பை நிறையக் கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. மனசு கஷ்டப்படுமே, நீ எதற்கு வந்தாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"இதுல இருந்து ஒரு பேராவது வீட்டுக்குப் போகுதுல்ல மதினி. அதப் பாக்கணும்ல," என்றாள்.

தூள் பறந்து பெயர் மறைந்ததும், முதல் மிட்டாயை என் வீட்டுக்காரர் கையில் வைத்தாள். அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த மனிதர், அதை வாயில் போடமுடியாமல் அழுதார்.