தாலாட்டை விழுங்கிய பெட்டி

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு தாலாட்டுக்கு ஆபரேஷன் நடந்தது. டாக்டர்? சாட்சாத் நான்தான்!

கீழ் போர்ஷனில் சதீஷும் லாவண்யாவும் குடியிருக்கிறார்கள். இருவருக்கும் ஓசூரில் ஃபேக்டரி வேலை. அவனுக்கு டூல் ரூம், அவளுக்கு அசெம்பிளி லைன். மெட்டர்னிட்டி லீவு முடிந்து, திங்கட்கிழமை லாவண்யா செகண்ட் ஷிஃப்டுக்குப் போயாக வேண்டும். பாப்பாவோ, அம்மா பாடும் தாலாட்டு இல்லாமல் கண்ணை மூடாது.

"ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிப் போட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். உலகத்தில் யாருக்குமே தோன்றாத யோசனை பாருங்கள்!

"போட்டுப் பாத்துட்டோங்க சார்" என்றான் சதீஷ். "அவ குரலக் கேட்டதும் பாப்பா ஆளத் தேடுது. காணோம்னு இன்னும் ஜாஸ்தி அழுவுது."

ஆக, அம்மாவின் குரல் கூடாது. மெட்டு மட்டும் வேண்டும். அதற்காக ஆன்லைனில் ஒரு மியூசிக் பாக்ஸ் வாங்கியிருந்தான். கைப்பிடியைச் சுற்றினால் ஓட்டை போட்ட காகிதப் பட்டை உள்ளே போகும். ஓட்டை வரும் இடத்தில், சீப்பு போன்ற தகட்டின் ஒரு பல் தட்டுப்பட்டு 'டிங்' என்னும். கீபோர்டு வாசிக்கத் தெரிந்த பாவத்துக்கு, மெட்டை ஓட்டைகளாக மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

லாவண்யாவுக்குச் சொந்த ஊர் ஆந்திர எல்லையோரம் இருக்கும் வேப்பனப்பள்ளி. அவர்கள் வீட்டுத் தெலுங்குத் தாலாட்டு அது. சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டே போகும். பெட்டிக்கு வழுக்கத் தெரியாது... டிங் என்றால் டிங்தான். சரி, அதை விட்டுக்கொடுத்தோம். ஆனால் அந்தத் தாலாட்டின் உயிரே, ஒரே சுரம் மூன்று முறை அடுத்தடுத்து வருகிற இடம். பெட்டி முதல் டிங்கோடு நிறுத்திக்கொண்டு, மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது!

சதீஷ் என்ன செய்தான் தெரியுமா? டூல் ரூமில் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்து ஓட்டைகளை அளந்தான். "பொசிஷன் கரெக்டாத்தான் இருக்குதுங்க சார்." புதுப் பட்டையில் மறுபடி ஓட்டை போட்டான். மறுபடி அளந்தான். தப்பு ஓட்டையில் இல்லையே! ஒரே பல்லை உடனுக்குடன் தட்ட முடியாது. அதற்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். இடைவெளி கொடுத்தோம் — தாலாட்டு நொண்டியது. பக்கத்துச் சுரத்தைப் போட்டுச் சமாளித்தேன்.

லாவண்யா அதைக் கேட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா... இது எங்க பாட்டு இல்ல."

கண் கலங்கியிருந்தது அவளுக்கு. பழைய பட்டைக்கே திரும்பினோம்.

திங்கள் மதியம். லாவண்யா பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் பாப்பா வீறிட்டது. கீழே ஓடினேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்த சதீஷ், யூனிஃபார்ம்கூட மாற்றாமல், பாப்பாவை மடியில் போட்டுப் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அழுகை மெல்லக் குறைந்தது. அந்த இடம் வந்தது. ஒரு டிங். அப்புறம் ஒன்றுமில்லை. பாப்பாவின் உதடு பிதுங்கியது...

"ம்... ம்..."

சதீஷ்தான்! பெட்டி விழுங்கிய இரண்டையும் அவனே போட்டுவிட்டான். சுருதியாவது ஒன்றாவது! ஆனால் பாப்பா பெட்டியை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தது. அடுத்த சுற்றில் வழுக்கல்களையும் அவனே பாடினான். கை சுற்றுவதை நிறுத்தியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. பாப்பா தூங்கிவிட்டது.

டீ பிரேக்கில் லாவண்யாவின் ஃபோன். "தூங்குச்சா? பெட்டி வேல செஞ்சுச்சா?"

"தூங்கிடுச்சு. பெட்டி பாதிதான் செஞ்சுது."

மீதியைச் செய்தது யார் என்று சொல்ல அவனுக்கு வெட்கம்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்... அந்தப் பெட்டி ஒழுங்காகப் பாடியிருந்தால், இந்த மனுஷன் வாயைத் திறந்திருப்பானா?