சீட் பெல்ட் போட்ட புத்தகம்

போன வியாழக்கிழமை ஒரு கல்லூரியில் எனக்குப் பேச்சு. தலைப்பு: பழைய ஆங்கிலக் கவிதைகளில் ஆட்டிடையர்கள். நாட்டுக்கு இன்றைக்கு இதைவிட அவசரமான விஷயம் வேறென்ன இருக்கிறது?

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் நான் இல்லை — என்னிடம் இருக்கும் புத்தகம். தூத்துக்குடியில் ஒரு பழைய கப்பல் ஏஜெண்ட் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது. இருநூறு வயது இருக்கும். ஓரமெல்லாம் தங்கப்பூச்சு, ஆட்டுத்தோல் அட்டை. முதல் பாதியில் கருணை, கர்வம், பேராசை எல்லாம் மனித உருவெடுத்துக் குதிரையில் வருவார்கள். மறுபாதி முழுக்க இடையர்கள். புல்வெளியில் படுத்துக் குழல் ஊதுவார்கள், காதலில் உருகுவார்கள். ஆடுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் எந்தக் கவிஞரும் சொல்வதில்லை.

இந்தப் பொக்கிஷத்தைப் பட்டுத்துணியில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டேன். சிரிக்காதீர்கள். தனக்குக்கூட நான் போட்டுவிட்டதில்லை என்று மனைவி வாசலில் நின்றே சொல்லிவிட்டாள்.

வேம்பார் போகும் கடற்கரைச் சாலை. உப்பளங்களைத் தாண்டியதும் குறுக்கே ஆடுகள்... முப்பது நாற்பது இருக்கும். விடாமல் ஹாரன் அடித்தேன். இடையர்களைப் பற்றிப் பேசப் போகிறவனை வழிமறிக்க ஆடுகளுக்கு என்ன தைரியம்?

மேய்க்கும் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு குட்டி. அதன் பின்னங்கால் தொங்கியது, ரத்தம். கண்ணாடியை இறக்கினேன்.

“அண்ணாச்சி, பைக்குல வந்தவன் குட்டி கால்ல ஏத்திட்டுப் போயிட்டான். மாட்டாஸ்பத்திரியில எறக்கி விட்டுருதியளா? டாக்டரு பன்னெண்டு மணிக்குப் பொறப்பட்டுருவாரு. மத்தத எம்மவ பாத்துக்கிடுவா.”

மணி பதினொன்றரை. ஆஸ்பத்திரி நான் போகும் வழியில்தான். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பட்டுத்துணி. இந்தப் பக்கம் ரத்தம். ஆட்டுத்தோல் அட்டையை உயிரோடிருக்கும் ஆட்டிடமிருந்து காப்பாற்றுவது ஒரு ரசிகனின் கடமை இல்லையா? முன்சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எனக்கு அது இப்போதுதான் தோன்றுகிறது.

“பழைய புஸ்தகம்மா, கறை பட்டா போச்சு” என்றேன். அவள் தலையாட்டினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் புத்தகத்தில் கர்வம் குதிரையில் வருவதாகச் சொன்னேன் அல்லவா? எங்கள் ஊர்ப்பக்கம் ஏசி காரில் வரும்.

பேச்சு அமோகம். காயம்பட்ட குட்டியைத் தோளில் போட்டு மலையிறங்கும் இடையனின் பாட்டை வாசித்தபோது என் குரல் தழுதழுத்தது. ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். சால்வை போர்த்தினார்கள். உங்களுக்கு ஈர மனசு சார் என்றார் முதல்வர். நான் மறுக்கவில்லை.

திரும்பும்போது அதே இடம், அதே ஆடுகள். நானாக நிறுத்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள் — போக வழியில்லை. இந்த முறை ஹாரனில் கை போகவில்லை.

காரை அடையாளம் கண்டு அவளே பக்கத்தில் வந்தாள். கையில் அதே குட்டி, காலில் வெள்ளைக் கட்டு. எனக்குப் பின்னால் வந்த உப்பு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டாராம். டாக்டர் கிளம்பும் நேரத்தில் வாசலிலேயே பிடித்துவிட்டாளாம். கால் கூடிவிடுமாம். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் குனிந்து பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். குரலில் கிண்டல் துளியும் இல்லை.

“பொஸ்தவத்துக்கு ஒண்ணும் ஆவலியே, அண்ணாச்சி?”

பத்திரமாக இருக்கிறது என்றேன். இன்றுவரை பத்திரமாகத்தான் இருக்கிறது... பேச்சு முடிந்து திரும்பச் சுற்றிய துணியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.