கூடைப்பந்து வீரனுக்கு ஓர் அர்ச்சனை

மாமாவின் கூடைப்பந்து அணி அமெரிக்காவில் இருந்தது. மாமா லண்டன் நோர்பரியில், எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். அம்மாவின் தம்பி. விசாக் கடிதம் வரும்வரை வேலைக்குப் போகக்கூடாது என்பதால், அந்த அணி தோற்பதைப் போனில் பார்ப்பதே அவருக்கு முழுநேர வேலை.

எனக்கு ஒன்பது வயதான கோடையில், வேறோர் அணியின் பெரிய ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஒப்பந்தக் காலம் முடிந்தது. அவன் இனி நம் அணிக்குத்தான் என்று மாமா அடித்துச் சொன்னார். அவன் மனைவியின் தமக்கை நம் அணியின் ஊரில் இருக்கிறாளாம். அக்கா இருக்கிற இடத்துக்குத்தானே எவரும் வருவார்கள்? அவரும் அப்படி வந்தவர்தான்.

ஒப்பந்தம் முடிந்தால் எங்கேயும் போகலாமா என்று கேட்டேன்.

“ஓம். எங்க இருக்கிறதெண்டு அவன்தான் முடிவெடுப்பான். ஒருத்தரும் மறிக்கேலாது,” என்றார், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பற்றிச் சொல்வதுபோல வாயூறி.

பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேனே தவிர, கவலைப்படுவதில் நான் ஒருநாளும் லீவு எடுத்ததில்லை. அவன் வராவிட்டால் மாமா என்ன ஆவார்?

அம்மா வெள்ளிதோறும் மாமாவின் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பார். அந்த வெள்ளி தட்டை என்னிடம் தந்துவிட்டு விளக்கேற்றப் போனார். ஐயர் பெயர் கேட்டார். ஆட்டக்காரனின் பெயரைச் சொன்னேன். ஐயர் அசரவில்லை; லண்டன் கோயிலில் எந்தப் பெயரும் வரும். நட்சத்திரம் என்ன என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வாராவாரம் காதில் விழுந்த மாமாவின் அவிட்டம். அதையே கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம், ஆட்டக்காரன் பழைய அணியிலேயே இருந்துவிட்டான் என்ற செய்தியை மாமாவின் போனில் நான்தான் முதலில் பார்த்தேன். குசினிக்கு ஓடினால், அம்மா சர்க்கரைப் பொங்கல் கிண்டுகிறார். மாமா காலையில் வந்த கடிதத்தை மேசையில் வைத்து நீவிக்கொண்டிருக்கிறார். மாமா இனி இங்கேயே இருக்கலாமாம் என்றார் அம்மா. ஏற்கெனவே இங்கேதானே இருக்கிறார், இதற்கு எதற்குப் பொங்கல் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“மாமா, அவன் வரமாட்டானாம். அவன்ர அர்ச்சனைக்கு உங்கட நட்சத்திரத்தைக் குடுத்திட்டன். பிழை என்னிலதான்.”

மாமா சிரித்தார். பிறகு கடிதத்தின் மேலேயே முகத்தைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழுதார். அவன் வராததற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை சரியான நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு போகிறேன் என்று அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.