மேக்காத்தை நம்பி மரக்காணம் போனேன்

ஞாயிறு, விடியற்காலை 5.40. பிரம்மதேசம்.

சுபுஹு தொழுதுவிட்டு வந்து, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை வாசலுக்கு இறக்கினேன். மனைவி நூர்ஜஹான் கதவைப் பிடித்தபடி நின்றாள். முருக்கேரி வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு அடி போகக்கூடாது என்று நேற்றே சொல்லியிருந்தாள். நானும் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டியிருந்தேன். முருக்கேரி ஐந்தாறு கிலோமீட்டர். போய்விட்டு வந்தால் பத்துப் பன்னிரண்டு. என் உடம்புக்கு அதுவே ஹஜ் பயணம் மாதிரி.

உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சவூதியில், தம்மாமில் பதினேழு வருடம் டிரெய்லர் ஓட்டினேன். உட்கார்ந்தே சம்பாதித்தேன், உட்கார்ந்தே தின்றேன். ஊர் திரும்பிய வாரம் டாக்டர் என்னை எடை மெஷினில் ஏற்றியபோது நூற்று இருபத்தாறு காட்டியது. அதன் பிறகு அந்த மெஷினில் ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். நர்ஸ் எழுதிக்கொள்வார், நான் கேட்க மாட்டேன்.

எனக்கு எதிலெல்லாம் பயம் என்று கேட்டால், பயப்படாதது எது என்று சொல்வது சுலபம். நாய், பள்ளம், பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ் எல்லாவற்றுக்கும் பயம். அவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பயம் உண்டு. தம்மாமில் என் அறையில் கரீம் என்று ஒருவன் இருந்தான். என்னைப் போலவே பருமன், என்னைவிடப் பெரிய குறட்டை. ஒரு நாள் ராத்திரி குறட்டை நின்றது. அப்பாடா, இன்றைக்காவது தூங்கலாம் என்று நாங்கள் நாலு பேரும் திரும்பிப் படுத்தோம். காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. நாங்கள் நன்றாகத் தூங்கியிருந்தோம்.

நடக்கச் சொன்னார் டாக்டர். முட்டி ஒத்துழைக்கவில்லை. அப்படியானால் சைக்கிள் என்றார். திண்டிவனத்துக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கியர் வண்டிப் பக்கம் போகவே விடவில்லை. "இந்த ரிம்மெல்லாம் உங்களத் தாங்காது பாய். பால்காரங்க வண்டி எடுத்துக்கங்க" என்று, பின் சக்கரத்தில் கம்பி நெருக்கமாக உள்ள பழைய மாடல் ஒன்றைக் கொடுத்தார். அகலமான ஸ்பிரிங் சீட். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு நான் ஏறிய முதல் சைக்கிள் அது. முதல் நாள் எங்கள் தெருமுனை வரை போனேன். இறங்கி, திரும்பத் தள்ளிக்கொண்டே வந்தேன். பிறகு ஏரிக்கரை வரை, அதற்கும் பிறகு ஏரியைச் சுற்றி என்று மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் ஓட்டினால் மூன்றாம் நாள் ஓய்வு. மிதிக்கும்போது நபியின் மேல் சொல்லும் சலவாத்தை வாய்விட்டு ஓதுவேன். ஓத முடிந்தால் மிதிப்பேன். மூச்சு அடைத்து வார்த்தை உடைந்தால் இறங்கிவிடுவேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பயம்தான் சொல்லித்தந்தது.

6.25. முருக்கேரி.

நம்பவே முடியவில்லை. ஒரு இடத்திலும் இறங்கவில்லை. சலவாத்து ஒரு எழுத்துக்கூட உடையவில்லை. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ ஒன்று குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மொபெட்டை நிறுத்தி, என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏன் பாய், காரை வித்துட்டீங்களா?" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் பால்காரர் சைக்கிளில் போனால் குடும்பம் நொடித்துவிட்டது என்றுதான் எங்கள் பக்கம் அர்த்தம். உடம்புக்காக ஓட்டுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. எதற்கும் கவலைப்படாதீர்கள், அல்லா இருக்கிறான் என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கால்கள் அவ்வளவு லேசாக இருந்தன. பின்னால் பெருமுக்கல் மலை சின்னதாகிவிட்டிருந்தது. அவ்வளவு தூரத்தையும் நானே மிதித்துத் தள்ளியிருக்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மரக்காணம் இன்னும் பதினாலு, பதினைந்து கிலோமீட்டர்தான். ஒரே ஒரு தடவை உப்பளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று மிதித்தேன். போன் பைக்குள் இருந்தது.

7.50. மரக்காணம்.

சிறுவாடியைத் தாண்டியபோது இரண்டு நாய்கள் துரத்தின. நான் மிதித்த மிதியில் அவையே அலுத்துப்போய் நின்றுவிட்டன. அந்த வேகம் என் வேகம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டைவிட்டேன். ஊருக்குள் நுழைந்து, ஈசிஆர் முக்கில் எறும்பு போல ஊர்ந்து, இரண்டு பக்கமும் பஸ் போகக் காத்திருந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாலையைக் கடந்தேன். தெற்கே கொஞ்ச தூரத்தில் உப்பளம் தொடங்கியது.

பாத்தி பாத்தியாகத் தண்ணீர். சிலதில் வானம் தெரிந்தது, சிலதில் வெள்ளை பூத்திருந்தது. ஆண்கள் நீளக் கோலில் கட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் கூட்டினார்கள். பெண்கள் காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு கூடையில் சுமந்து மேட்டில் கொட்டினார்கள். வரப்பின் தலைமாட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். கூடையை இறக்கிய பெண் ஒருத்தியிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். பெயர் அஞ்சலை, ஐம்பது வயதிருக்கும்.

"காத்து நல்லா இருக்குது பாய். இந்த மேக்காத்து இப்பிடியே ரெண்டு நாள் அடிச்சா உப்பு சும்மா பூத்து தள்ளிடும்" என்றாள்.

மேக்காத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடி மாதம். மேற்கேயிருந்து அடிக்கிற காற்று. காலையிலிருந்து என் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது அதுதான். நான் மிதிக்கவேயில்லை, மூட்டை மாதிரி வந்து இறங்கியிருக்கிறேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், நான் எம்மாத்திரம். இப்போது அதே காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு இருபது கிலோமீட்டர் திரும்ப வேண்டும். வீட்டில் ஒருத்தி நான் முருக்கேரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

8.20.

சைக்கிளைத் திருப்பி மிதித்தேன். ஈசிஆரில் காற்று பக்கவாட்டில் தள்ளியது. திண்டிவனம் சாலையின் பக்கம் முகத்தைத் திருப்பியதும், யாரோ மார்பில் கை வைத்து நிறுத்தியது போலிருந்தது. சலவாத்தைத் தொடங்கினேன். முதல் வரியிலேயே உடைந்தது. இறங்கித் தள்ளினேன். கை நடுங்கியது. வேர்வை வழிந்தது, ஆனால் உடம்பு ஜில்லென்று இருந்தது. கண்ணுக்கு முன்னால் சாலை கோணலாகப் போனது. இதுதான் அது என்று நினைத்தேன். கரீமுக்காவது படுக்கை இருந்தது. எனக்கோ, ஆள் தெரியாத சாலை ஓரம்.

திரும்பி உப்பளத்துக்கே வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று சரியாக நினைவில்லை. ஓலை போர்த்திய உப்புக் குவியல் ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மூட்டை ஏற்றி முடித்த லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. அஞ்சலை ஓடி வந்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"காலைல என்னா சாப்ட்டீங்க?"

"மாத்திரை. அப்புறம் ஒரு டீ."

"சக்கரை போட்டா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் லாரிப் பக்கம் திரும்பி, "ஏம்பா செல்வம், அந்த கலர் பாட்டில எடுத்தாடா" என்று கத்தினாள். டிரைவர் தித்திப்பான ஆரஞ்சு கலர் அரை பாட்டில் கொண்டு வந்தான். வெயிலில் சூடாகியிருந்தது. அவ்வளவையும் குடித்தேன். பிறகு அஞ்சலை தன் தூக்குவாளியிலிருந்து கூழ் ஊற்றிக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் இதே சர்க்கரைதானாம், இரண்டு தடவை இப்படிச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருக்கிறாராம். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் சைக்கிள் மிதிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். கால் மணி நேரத்தில் கை நடுக்கம் நின்றது. சாலை நேரானது. நெஞ்சு வலிக்கவில்லை, வலித்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பயம் பொய்யில்லை. உடம்பிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றது.

9.10. எடை மேடை.

செல்வம் எங்கள் ஊர் வழியாகத் திண்டிவனம் போகிற ஆள். வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றான். சைக்கிளை மூட்டைகளின் மேல் படுக்கவைத்துக் கயிறு கட்டினான். நான் கேபினில் ஏறினேன். பதினேழு வருடம் நான் உட்கார்ந்த அதே உயரம். அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே எனக்கு வெட்கமாகவும் இருந்தது. இன்றைக்கு லாரியில் போய் இறங்கினால், இனி நான் அந்தச் சைக்கிளைத் தொட மாட்டேன். நூர்ஜஹானும் தொட விடமாட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ஊர் எல்லையில் எடை போட லாரியை மேடையில் நிறுத்தினான். கண்ணாடி அறைக்குள் இருந்தவர் எண்ணைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். தலையை வெளியே நீட்டி, "ஏம்பா, ரெண்டரை மூட்டை கூட வருதே. உப்பு வழியில குட்டி போட்டுச்சா?" என்றார்.

செல்வம் நாக்கைக் கடித்துக்கொண்டான். எடை போடும்போது கேபினில் டிரைவரைத் தவிர வேறு ஆள் இருக்கக்கூடாது. என்னை மறந்துவிட்டிருந்தான். டிரைவராக இருந்தவன் நான், எனக்காவது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் கயிற்றை அவிழ்த்துச் சைக்கிளை இறக்கினான், நானும் இறங்கினேன். தன் எடையைக் காலையில் வெறும் வண்டியை எடை போட்டபோதே சேர்த்துவிட்டதாகச் சொல்லி அவன் மட்டும் திரும்ப ஏறி உட்கார்ந்தான். வெளியே மாட்டியிருந்த சிவப்பு எண்கள் நின்றன. இந்த முறை கண்ணை மூட எனக்கு நேரமில்லை.

நூற்று முப்பது கிலோ குறைந்திருந்தது. சைக்கிள் இருபதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். மனசுக்குள் கழித்தேன், நூற்றுப் பத்து. மறுபடி கழித்தேன். இது சரியாகக் காட்டுமா என்று எடை போடுபவரைக் கேட்டேன். "பத்து கிலோ முன்ன பின்ன இருக்கும் பாய், இது லாரிக்குப் போட்ட மெஷின்" என்றார். ஆறு கிலோ குறைந்திருக்கலாம், பதினாறும் குறைந்திருக்கலாம். ஏறவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அப்போது பைக்குள் போன் அடித்தது. வீடு. ஏற்கெனவே பலமுறை அடித்திருக்கிறாள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. பொய் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மரக்காணம், காற்று, மயக்கம், கலர், லாரி. திட்டு வரட்டும் என்று காத்திருந்தேன்.

திட்டினாள். முருக்கேரி என்றால் முருக்கேரி என்று ஆரம்பித்து என் வம்சம் வரை போனாள். நான் குறுக்கே விழுந்து, சரிம்மா, சைக்கிளை விற்றுவிடலாம் என்றேன். அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

"விக்கச் சொல்லி நான் கேட்டேனா?" குரல் மாறியிருந்தது. "நீங்க கரீம் பாய் கதைய சொன்னதிலேர்ந்து நான் தூங்கினதே இல்ல. உங்க குறட்டைய கேட்டுட்டே படுத்திருப்பேன். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் சத்தம் நின்னுடுச்சு. எழுந்து மூக்குல விரல வச்சு பார்த்தேன். மூச்சு வந்துட்டுத்தான் இருந்துது. சைக்கிள் மிதிச்சு மிதிச்சு குறட்டை மட்டும் நின்னு போயிருந்துது. தினமும் வச்சு பார்த்தேன். இப்ப கொஞ்ச நாளா பார்க்காமயே தூங்கறேங்க."

எடை மேடை அறைச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"முருக்கேரி வரைக்கும் லாரியில வாங்க. அங்க இட்லி சாப்டுங்க, வயிறு நெறைய. அங்கேர்ந்து மிதிச்சிட்டு வாங்க. முடியலன்னா தள்ளிட்டு வாங்க. அந்த ரோடு உங்க ரோடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

10.15. முருக்கேரி.

செல்வம் சைக்கிளை இறக்கிக் கொடுத்துவிட்டு, இந்தக் காற்றில் எதற்கு வீம்பு என்று மறுபடி கேட்டான். நாலு இட்லி தின்றேன். பையில் இரண்டு கடலை மிட்டாய் போட்டுக்கொண்டேன். இனி அது இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை.

ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காற்று கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. லேசான மேடு வந்தாலே இறங்கினேன். பஸ் வந்தால் மண்ணில் இறங்கி நின்றேன். இரண்டு வரி ஓதுவேன், உடையும், தள்ளுவேன், ஏறுவேன். ஒவ்வொரு முறை ஏறும்போதும் இதயம் அடிப்பது காதில் கேட்டது. நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். போகும்போது பின்னால் சின்னதாகிப் போன பெருமுக்கல் மலை இப்போது முன்னால் மெல்லப் பெரிதானது. காற்று உதவாமல் நானே வந்த தூரம் அது மட்டும்தான். மரக்காணத்துக்குப் போன தூரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தெரு திரும்பியபோது நூர்ஜஹான் வாசலில் நின்றிருந்தாள், காலையில் நின்ற அதே இடத்தில். இறங்கி, ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்து இரைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. கிட்டே வந்து, என் மூக்குக்குக் கீழே விரலை நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"வருது" என்றாள். சைக்கிளை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.