துடைப்பக்கா பேரில் நடந்தது

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் துடைப்பக்கா என்று பேர். பெருக்குகிற வேலை இல்லை, சர்வரைப் பார்த்துக்கொள்கிற வேலை. பதினோரு வருஷம், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஏசி குளிருக்குக் காதோடு சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேரை வைத்தது நான்தான். கேட்டதும் சிரித்துவிட்டு, "பொருத்தமாத்தான் வச்சிருக்க" என்றாள்.

ரத்தம் சோதிக்கிற மெஷின்கள் முடிவுகளை சர்வருக்கு அனுப்பும். அங்கே ஒரு புரோகிராம் வாங்கி வரிசையில் வைக்கும், இன்னொன்று எடுத்து ரிப்போர்ட் ஆக்கும். இரண்டும் கைமாற்றிக்கொள்ள மெமரியில் பொதுவான இடங்கள் உண்டு. வாங்குகிற புரோகிராம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது பாதியில் செத்து விழும். விழும்போது, தான் பிடித்த இடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போகும். அவை சேர்ந்துகொண்டே போனால் மறுபடி கிளப்பினாலும் கிளம்பாது. அப்போது யாராவது உட்கார்ந்து, ஆளில்லாத இடங்களைப் பார்த்துக் கலைக்க வேண்டும். ஐபிசிஎஸ் என்று அடித்தால் பட்டியல் வரும். ஐபிசிஆர்எம் என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் அந்த இடம் காலி. அதற்குள் ஏதாவது இருந்தால் அதுவும் காலி. திரும்ப எடுக்க வழியே கிடையாது.

அதனால் அக்கா அவசரப்பட மாட்டாள். திரையில் ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்ப்பாள். இது யாருடையது, யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா, வரிசையில் முடிவு ஏதாவது மிச்சம் நிற்கிறதா என்று. இருபது நிமிஷம் ஆகும். நாங்கள் கதவைத் தட்டி "இன்னுமாக்கா?" என்போம். "உள்ள நாலு பேரோட ரிசல்ட் நிக்குது. அது வெளிய போகட்டும்" என்பாள்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் இப்போது எங்கள் மேனேஜர். எங்களுக்குள் அவர் 'மேதை'. கோளாறு எங்கே இருக்கிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று அக்கா மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை எங்கள் எல்லார் முன்னாலும் அவர் சொன்னார்: "என் வேலையில நொட்டை சொல்லவா உங்களை வச்சிருக்கு? சுத்தம் பண்றதுதான் உங்க வேலை. அதைப் பண்ணுங்க."

அக்காவின் கணவருக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன். ஐந்து நாள் லீவு போட்டாள். இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்குப் புரோகிராம் விழுந்தது. மேதை வந்து அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். லேபிள் ரோல் எடுக்க நான் அதே அறையில் அலமாரி பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"மேடம், உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"சார், உங்களுக்குன்னு தனியா இருக்கே?"

"அது லாக் ஆயிடுச்சு. இங்க கூட்டம் நெரியுது, சீக்கிரம்."

அந்தப் பக்கம் யாரோ நர்ஸ் அக்காவின் கணவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அக்கா பாஸ்வேர்டைச் சொன்னாள். "சார், வரிசையில எத்தனை நிக்குதுன்னு பார்த்துட்டு எடுங்க. மொத்தமா எடுத்துடாதீங்க."

"எழுதினவனே நான்தான் மேடம்" என்று வைத்துவிட்டார்.

ஐபிசிஆர்எம்மோடு எண்ணுக்குப் பதில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தால் அது எல்லா இடங்களையும் மொத்தமாகக் கலைத்துவிடும். அதைத்தான் அடித்தார். இரண்டு நொடி. "இதுக்குப் போய் இருபது நிமிஷமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வரிசையில் நூற்று அறுபத்து மூன்று பேருடைய முடிவுகள் நின்றிருந்தன. மெஷின்கள் கொடுத்ததும் தங்களிடமிருந்து அழித்துவிடும். மத்தியானம் எல்லோரையும் திரும்ப அழைத்தோம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு நரம்பு அகப்படாமல் ஐந்து இடத்தில் குத்தினேன். அவர் மனைவி என்னைத் திட்டியதெல்லாம் நியாயம்தான்.

விசாரணை வைத்தார்கள். சர்வர் பதிவில் இருந்தது அக்காவின் பேர். "வெளிய இருந்தும் சர்வருக்குள்ள வரலாம். வீட்டுக் கவலையில ஏதோ பண்ணியிருப்பாங்க. நான் போன் பண்ணினது நிலைமையைச் சொல்லத்தான்" என்றார் மேதை. அக்கா நடந்ததைச் சொல்லி, நான் அங்கே இருந்ததையும் சொன்னாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் என் காண்ட்ராக்ட் முடிகிறது. "லேபிள் எடுக்கப் போனேன் சார். யார் என்ன அடிச்சாங்கன்னு கவனிக்கலை" என்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

அக்காவுக்கு மெமோ கொடுத்து, கீழ்த்தளத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். கையுறையும் டியூபும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அன்று அவள் கணவர் விலாவைப் பிடித்துக்கொண்டே அழைத்துப்போக வந்திருந்தார். "விட்டுத் தொலைச்சுட்டு வா" என்றார். "விட்டா நான்தான் பண்ணினேன்னு ஆயிடும்" என்றாள்.

ஏழு மாதம் கழித்துப் புரோகிராம் மறுபடி விழுந்தது. அக்கா இடத்துக்குப் புதிதாக வந்தவர் தொடப் பயந்தார். மேதையும் தொடவில்லை. கூடத்துத் தலைமை டாக்டரம்மா தானே ஸ்டோருக்கு இறங்கிப் போனார். மேதையும் பின்னால் போனார், நானும்.

"எழுதிக் கொடுங்க டாக்டர். என்னைக் கூப்பிட்டதா, எத்தனை மணிக்கு, எதுக்குன்னு" என்றாள் அக்கா.

"இதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை" என்றார் மேதை.

அக்கா திரும்பிக் கையுறைப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷம் அடுக்கினாள். மேலே கவுண்டரில் சண்டை முற்றிய பிறகு டாக்டரம்மா மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா படித்து, மடித்து வைத்துக்கொண்டு மேலே வந்தாள். கீபோர்டைத் தொடவில்லை. புதியவரிடம், "நீங்க அடிங்க, நான் சொல்றேன்" என்றாள். ஒரு முடிவுகூட அழியவில்லை.

படியில் பின்னாலேயே போய் மறித்து நின்றேன். "அக்கா, அன்னைக்கு நான்..."

"காண்ட்ராக்ட் போட்டுக் குடுத்தாங்களா?"

"ரெண்டு வருஷத்துக்குக் குடுத்தாங்கக்கா."

"நல்லது. வழி விடு, கீழ ஆள் நிப்பாங்க."

அந்த வருஷக் கடைசியில் புரோகிராமைத் திருத்தினார்கள். அக்கா எழுதிக் கொடுத்த அதே திருத்தம். மேதைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, பதவி உயர்வும் வந்தது. அதற்கப்புறம் அது விழவே இல்லை. அதனால் அக்காவை மேலே கூப்பிட யாருக்கும் அவசியம் வரவில்லை. மெமோ அவள் ஃபைலிலேயே இருக்கிறது.

வாரம் ஒரு தடவை கையுறை வாங்க நான் ஸ்டோருக்குப் போகிறேன். மற்றவர்களிடம் நின்று பேசுகிறாள், சிரிக்கிறாள். என்னிடம் மட்டும் ரிஜிஸ்டரைத் தள்ளிவிட்டு, "எத்தனை பாக்ஸ்?" என்கிறாள்.