ஒருநாள் விட்டு ஒருநாள்

சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே ஜம்புலிங்கத்துக்கு ஒரு காணி மணல் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. பேங்கில் கடன் வாங்கி ஆயில் எஞ்சின் போட்டதிலிருந்து ஆளின் நடையே மாறிப்போனது. ஏற்றம் இறைத்து ஓய்ந்த தோள். கொஞ்சம் நிமிர்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மறுவருஷமே சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கத்துச் சிவப்பிரகாசமும் ஓர் எஞ்சின் வாங்கினார்.

எழுபத்து நாலில் மழை பொய்த்தது. கடலோரக் கிணற்றை ஒட்ட இறைத்தால் உப்பு ஏறிவிடும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் வேர்க்கடலை விளைந்தால்தான் கடன் தவணை. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: ஒருநாள் இறைப்பு, மறுநாள் இரண்டு கிணற்றுக்கும் ஓய்வு. காவல் தேவையில்லை, எஞ்சின் சத்தம் ஊருக்கே கேட்கும்.

"ஓய்வு நாள்ல சத்தம் வந்துதுன்னா, அப்புறம் மனுசனா இருக்க மாட்டேன் அண்ணாத்த" என்றான் ஜம்புலிங்கம்.

"வந்தா செருப்பால அடி" என்றார் சிவப்பிரகாசம்.

ஓர் ஓய்வு நாளில் தோப்புக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது. சிவப்பிரகாசம்தான் என்று ஜம்புலிங்கம் முடிவுகட்டினான்.

"போய் இன்னான்னு ஒரு வார்த்த கேளேன்" என்றாள் மனைவி வச்சலா.

"கேட்டா ஒத்துக்குவாரா?"

பாழாய்ப்போன ரோஷம்! தன் எஞ்சினைக் கிளப்பினான். அதைக் கேட்டுச் சிவப்பிரகாசமும் கிளப்பினார். அதன்பின் ஓய்வு என்ற பேச்சே இல்லை. மாசிக்குள் கடலை இலை நுனி கருகியது. தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

இருவரும் எஞ்சினை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று சண்டை போட்டார்கள்.

"மொதல்ல போட்டது நீதான்!"

"நானா? நீ!"

மூச்சு வாங்க நிறுத்தியபோது சத்தம் மட்டும் நிற்கவில்லை. தோப்புக்கு அப்பால் எங்கேயோ ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

தேடிப்போனார்கள். மாமல்லபுரம் ரோட்டோரம் வெள்ளைக்காரர்களுக்காகப் புதிதாகக் கட்டிய லாட்ஜ். அதன் கிணற்றுத் தண்ணீர் புல்தரைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"நாமளாவது நிறுத்திடலாம் ஜம்பு" என்றார் சிவப்பிரகாசம். 

"நிறுத்தினா மிச்சமாவுற தண்ணியும் அந்தப் புல்லுக்குத்தான் போவும்."

 ஜம்புலிங்கம் திரும்பி வந்து, உப்பென்று தெரிந்தே எஞ்சினைப் போட்டான்.

கிணறு செத்தது. தவணை சாகவில்லை. கூடுவாஞ்சேரியில் கட்டட வேலைக்கு மண் சுமந்து, ஓடாத அந்த எஞ்சினுக்கு வருஷக்கணக்காகப் பணம் கட்டினான்.